பனிப்பாதையில் விடியற்கால நடை

(நன்கொடையாளர் நன்றிக் கூடுகையில் நமது மருத்துவமனைச் சாப்ளின் ஐயரவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெகுதூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வயதான தாய்மார் பலர் இருக்கிறீர்கள். மின்விசிறி ஓடியும் வியர்க்கிற இந்த மண்டபத்தில் இன்று பனியைப் பற்றியும், பனிமலைப் பாதையில் மனிதனோடு நடந்த ஒரு நாயைப் பற்றியும் பேசப் போகிறோம். சற்றுப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறோம்.

ஐரோப்பாவிலே சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. அதைக் கடந்து போகும் பழைய வழிகளில் ஒன்று பெரிய செயிண்ட் பெர்னார்டு கணவாய். அதன் உயரம் சுமார் 2,470 மீட்டர். நம்முடைய நீலகிரியிலுள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். ஆகவே உயரத்தில் நம்முடையதே பெரிது. ஆனால் தொட்டபெட்டாவில் நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். அங்கேயோ அக்டோபர் அல்லது நவம்பரில் பனியினால் அடைபடுகிற சாலை மே, ஜூன் மாதங்களில்தான் திறக்கிறது. கணவாயின் உச்சியிலுள்ள சிறிய ஏரி வருஷத்தின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் சுமார் 1050ஆம் ஆண்டில், அவோஸ்தா நகரின் ஆர்ச்டீக்கனாயிருந்த பெர்னார்டு என்ற தேவ ஊழியர் வழிப்போக்கருக்காக ஒரு வீட்டை ஏற்படுத்தினார். இத்தாலிக்குப் போகும் வியாபாரிகளும் ரோமாபுரிக்குப் போகும் யாத்திரிகர்களும் பனியில் அகப்பட்டும், கள்ளர் கையில் சிக்கியும் மடிந்துகொண்டிருந்த காலம் அது. எரிகோவுக்குப் போகிற வழியை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் படிக்கிறோமே, அதைப்போன்ற ஒரு வழி, பனியோடுகூட. அந்த வீட்டை நடத்தி வருகிறவர்கள் கத்தோலிக்க சபையின் துறவிகள். நம் சபை வேறு, அவர்கள் சபை வேறு. ஆனால் குளிரில் விறைத்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அந்த வீட்டின் கதவு பூட்டப்பட்டதில்லை என்று சொல்லுகிறார்கள். பழைய நாட்களில் வந்தவரிடம் நீ யார், எந்த மதம், கையில் பணம் உண்டா என்று கேட்காமல் உணவும் படுக்கையும் கொடுத்தார்கள்.

நாய்கள் அங்கே வந்தது வெகுகாலம் பின்னர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். முதலில் அவை காவலுக்காக வளர்க்கப்பட்ட பெரிய நாய்கள். பிறகுதான் துறவிகள் அவைகளின் அருமையைக் கண்டுகொண்டார்கள். சுமார் 1750 முதல், பாதை பார்க்கப் போகும் பணியாட்களோடு நாய்களும் வழக்கமாகப் போகத் தொடங்கின. அந்தப் பணியாட்களை அவ்வூர் மொழியில் 'மரோனியே' என்பார்கள். மலைவழி காட்டுகிறவன் என்று நாம் சொல்லலாம்.

இந்த மரோனியேயின் காலை நடையைச் சற்று விவரமாகப் பார்ப்போம். நாம் சொல்ல வந்த காரியம் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நவம்பர் மாதம். குளிர்காலம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நடுக்குளிர்காலமே அதிக ஆபத்து என்று நாம் நினைப்போம். ஆனால் தொடக்கக் குளிர்காலம் மனிதனை ஏமாற்றும். பனி இன்னும் ஆளுயரம் விழவில்லை, பாதை கண்ணுக்குத் தெரிகிறது, வானம் நீலமாயிருக்கிறது. ஆகவே, 'இன்றைக்குக் கடந்துவிடலாம்' என்று வழிப்போக்கன் துணிகிறான். பகலில் வெயில் பட்டுக் கசிந்த நீர் பாதையின் குறுக்கே ஓடி, இரவில் கண்ணாடியைப்போல் உறைந்திருக்கும். அதன்மேல் விரற்கடை அளவு புதுப்பனி மாவைத் தூவினதுபோல் விழுந்திருக்கும். மேலே பார்த்தால் மெத்தை; கீழே கண்ணாடி. கால் வைத்தவன் பள்ளத்தில் கிடப்பான். மாலை வெகு சீக்கிரம் இருட்டிவிடும். மேகம் இறங்கினால் வெள்ளைத் தரையும் வெள்ளை ஆகாயமும் ஒன்றாகி, பத்தடி தூரத்திலிருக்கும் அடையாளக் கம்பமும் மறைந்துபோகும்.

இந்தப் பாதையில்தான் மரோனியே இரும்பு முனை வைத்த நீண்ட தடியோடு புறப்படுகிறான். பையில் சிறிது ரொட்டி. அவனுக்கு முன்னே நாய். அதன் அகன்ற மார்பு புதுப்பனியைத் தள்ளி வழி உண்டாக்குகிறது. நான்கு கால்களில் பாரம் பரவியிருப்பதால், மனிதன் வழுக்குமிடத்தில் அது நிற்கிறது. அது நின்றுவிட்டால் பின்னால் வருகிறவனும் நிற்பான். சில வேளைகளில் எவ்வளவு அதட்டினாலும் நாய் ஓர் இடத்தைத் தாண்ட மறுத்துவிடும். அதனிடம் வாதாடாமல் வேறு வழியாய்ப் போவதே புத்தி என்று அனுபவப்பட்டவர்கள் அறிந்திருந்தார்கள். மேகத்துக்குள்ளே கம்பங்கள் மறைந்தாலும் நாய் வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தவறவிடாது. பனி பார்வைக்குத்தான் இறுகினது. உள்ளே காற்றுப் புகும் நுண்துளைகள் நிறைந்தது. ஆகையால் அதன் அடியில் புதைந்த மனிதனுடைய வாசனை மெதுவாய் மேலே கசிந்து வரும். நம் மூக்குக்கு அது எட்டாது, நாய்க்கு எட்டும்.

கணவாயிலிருந்து சுவிட்சர்லாந்து பக்கமாய் இறங்கினால் செங்குத்தான ஒரு பள்ளம் உண்டு. அதற்கு 'மரித்தோர் பள்ளம்' என்றே பெயர். மேலேயிருந்து பனிச்சரிவு சடுதியாய் இறங்குகிற இடம். குளிர்காலமெல்லாம் ஒரு பக்கம் ஒருவன், மறுபக்கம் ஒருவன் என்று இறங்கிப்போய், வருகிறவர் யாரேனும் உண்டோ என்று பார்த்து வருவது அந்த வீட்டின் வழக்கமாயிருந்தது. பனிமூட்டமுள்ள நாட்களில் போனார்கள். தெளிந்த நாட்களிலும் போனார்கள்.

பிரியமானவர்களே, அநேக நாட்களில் அவர்கள் ஒருவரையும் காணவில்லை! மரோனியே போனான், வெறுமனே திரும்பினான். நாய் பாதங்களுக்கு நடுவே ஒட்டிய பனிக்கட்டியை நக்கிக்கொண்டு அடுப்பண்டையில் படுத்துக்கொண்டது. ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை. அறிக்கையில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மறுநாளும் புறப்பட்டார்கள்.

பாரி என்ற நாயைப்பற்றி நம்மில் சிலர் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். 1800ஆம் ஆண்டு பிறந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நெப்போலியன் சுமார் 40,000 போர்வீரரோடு இதே கணவாயைக் கடந்தான். துறவிகள் அவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திராட்சரசமும் பகிர்ந்து கொடுத்தார்கள். பாரி நாற்பதுக்கும் அதிகமானவர்களின் உயிரைக் காப்பாற்ற உதவிற்று என்று சொல்லப்படுகிறது. 1812இல் முதுமையினால் அது பெர்ன் நகரத்துக்கு அனுப்பப்பட்டு, 1814இல் அங்கே இறந்தது. இன்றும் அந்நகரத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நாற்பத்தோராவது மனிதன் அதைக் கொன்றுவிட்டான் என்ற கதை பாரிஸ் அருகே ஒரு நினைவுச் சின்னத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணீர் வரவழைக்கும் கதைதான். ஆனால் உண்மை அல்ல. நம்முடைய பிரசங்கங்களிலும் இது அடிக்கடி வருகிறது, இனி விட்டுவிடலாம்!

இன்னொன்றையும் விட்டுவிடலாம். அந்த நாயின் படத்தில் எப்போதும் கழுத்தில் ஒரு சிறிய பிராந்திப் பீப்பாய் தொங்கும். லேண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820இல் வரைந்த படத்தினால் அது பிரசித்தமாயிற்று. மதுவிலக்குச் சங்கத்தார் பலர் இங்கே அமர்ந்திருப்பதால் தைரியமாய்ச் சொல்லலாம். நம் டாக்டர்களிடம் கேட்டோம். குளிரில் விறைத்தவனுக்கு மதுபானம் கொடுப்பது தீங்கு என்கிறார்கள். அது தோலிலுள்ள இரத்தக்குழாய்களை விரியச்செய்கிறது. குடித்தவனுக்குச் சூடேறுவதுபோல் தோன்றும். உண்மையில் உள்ளிருக்கும் உஷ்ணம் வெளியே போய்விடும்.

குளிர் மனிதனைக் கொல்லும் விதத்தையும் அவர்கள் விளக்கினார்கள். முதலில் நடுக்கம். பிறகு பேச்சுக் குழறும், கால் தள்ளாடும். அதன்பின் நடுக்கம் நின்றுவிடும். இது குணமாவதின் அடையாளம் அல்ல. உடம்பு தோற்றுப்போனதின் அடையாளம். அப்போது அவனுக்குத் தூக்கம் வரும். 'சற்று உட்கார்ந்து போகலாம்' என்று தோன்றும். சிலருக்குக் குளிரே தெரியாமல், உடுத்தியிருப்பதைக் கழற்றவும் செய்வார்களாம். தனியே நடக்கிறவன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். சாது சுந்தர் சிங் பனிப்புயலில், விழுந்து கிடந்த ஒருவனைத் தோளில் சுமந்துபோன சம்பவத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சுமந்தவருக்கும் சுமக்கப்பட்டவனுக்கும் ஒருவர் உடம்பின் சூடு மற்றவருக்கு உதவிற்று; தன்னந்தனியே முன்னே போனவனோ உறைந்து கிடந்தான் என்பார்கள். நாய் செய்ததும் இதுதான். முகத்தை நக்கி எழுப்பியது. அருகே படுத்துச் சூடு கொடுத்தது. வேதத்தில் நாய்க்கு நல்ல பெயர் அதிகமில்லை. ஆனாலும் ஐசுவரியவானுடைய வாசலில் கிடந்த லாசருவினிடத்தில் வந்தவை நாய்கள் மாத்திரமே.

நாயினால் மனிதனைத் தூக்க முடியாது. அதன் பின்னால் மரோனியே வரவேண்டும். அவன் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். கணவாயின் உச்சியில் ஒரு மரமும் வளராது. எரிக்கிற விறகு ஒவ்வொன்றும் கீழே பள்ளத்தாக்கிலிருந்து கோடைக்காலத்தில் மிருகங்களின் முதுகில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டது. இதற்கெல்லாம் பணம்? அந்தத் துறவிகள் சுவிட்சர்லாந்து நாடெங்கும் ஊர் ஊராய்ப் போய்க் காணிக்கை சேர்த்தார்கள். புராட்டஸ்டண்டு ஊர்களிலும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்த மலையை ஏறிப் பார்த்தவர்கள் அல்ல. தங்கள் காசில் வாங்கின விறகு எந்த இரவில் எரிந்தது, யார் அதில் குளிர்காய்ந்தார் என்பதை அவர்கள் அறியவில்லை.

காணிக்கையைப்பற்றிச் சொல்லும்போது ஒரு சிறு காரியம். 1816 முதல் 1818 வரை குளிர்காலம் மிகக் கடுமையாயிருந்து, பல நாய்கள் பனிச்சரிவில் இறந்துபோயின. பின்னர் 1830ஆம் ஆண்டளவில், இனத்தைப் பலப்படுத்த எண்ணி, நியூஃபவுண்ட்லாந்து என்ற நீளமயிர் நாய்களோடு கலப்புச் செய்தார்கள். பிறந்த குட்டிகள் பார்ப்பதற்கு அழகு. ஆனால் அந்த நீண்ட மயிரில் பனிக்கட்டி கோத்துக்கொண்டு, பாரத்தினால் அவை நடக்க முடியாமல் போயிற்று. நல்லெண்ணத்தோடு கொடுக்கப்படும் எல்லாமே அந்த இடத்துக்கு உதவுவதில்லை. நம் மருத்துவமனை ஸ்டோர் அறையிலும் உதிரிபாகம் கிடைக்காத இரண்டு இயந்திரங்கள் உறை போட்டபடியே நிற்கின்றன. அனுப்பினவர்களின் அன்பை மதிக்கிறோம். அடுத்தமுறை அனுப்புவதற்குமுன் மேட்ரன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டால் நன்றாயிருக்கும். வழக்கமாக அவர்களுக்குத் தேவைப்படுவது படுக்கை விரிப்பும் கையுறையும்தான்.

இப்போது நம்முடைய காரியத்துக்கு வருவோம். சென்ற ஆண்டறிக்கையைப் படித்த ஒரு நன்கொடையாளர் அன்போடு எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். "கிராமத்துக் கிளை மருத்துவமனையில் இரவெல்லாம் ஒரு நர்ஸ் விழித்திருக்கிறார்கள், ஒரு வாட்ச்மேன், ஜீப்போடு ஒரு டிரைவர். பல இரவுகளில் ஒருவரும் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவசரத்துக்கு இப்போது 108 வண்டியும் இருக்கிறது. அந்தப் பணத்தைப் பகலில் வருகிற நோயாளிகளுக்குச் செலவிட்டால் ஆகாதா?" இது நியாயமான கேள்வி. உழைத்துச் சம்பாதித்துக் கொடுக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. நிர்வாகக் கமிட்டியும் இதே கேள்வியை எடுத்திருக்கிறது. வரும் மார்ச் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள்.

அந்த மலைவீட்டாருக்கும் இதே கேள்வி வந்தது. 1964இல் கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. வண்டிகள் குளிர்காலத்திலும் மலைக்குள்ளேயே கடந்துபோகத் தொடங்கின. பனியில் அகப்பட்டவரைத் தேட ஹெலிகாப்டர் வந்துவிட்டது. அதில் ஏற்றிப்போக, பாரியின் இனத்தைவிட எடை குறைந்த நாய்களே வசதி. கடைசியில் 2005ஆம் ஆண்டில் துறவிகள் தங்கள் நாய்களை வளர்க்கும் பொறுப்பை, கீழே மார்ட்டினி நகரத்தில் ஏற்படுத்தப்பட்ட ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். கோடையில் சில நாய்கள் மேலே கொண்டுவரப்படுகின்றன; சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். முந்நூறு வருஷத்துப் பழக்கத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். நாங்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாய் ஒரு வழிமுறை. அதைவிட வேகமான வழிமுறை வந்தபோது விட்டார்கள்.

ஆனால் வீட்டை அவர்கள் மூடவில்லை. இன்றும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகையிலோ பனிக்காலணியிலோ நடந்தே அங்கே போய்ச்சேர முடியும். துறவிகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் வருகிறவர்களை வரவேற்க ஆள் இருக்கிறார்கள். இக்காலத்தில் தங்குகிறவர்கள் கட்டணம் கொடுக்கிறார்கள். கதவு மாத்திரம் முன்போலவே.

ஆகையால் எங்கள் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லுகிறோம். இது சாப்ளின் அறையின் எண்ணம். கமிட்டியின் தீர்மானம் அல்ல. ஜீப்பையும் இரவு டிரைவரையும் விட்டுவிடலாம். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 வண்டி ஓடுகிறது; ஏற்றிக்கொண்டு போகிற வேலையை அவர்கள் நம்மைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் விளக்கெரிகிற அந்த அறையையும், விழித்திருக்கிற அந்த நர்ஸையும் எடுக்கலாகாது.

காரணம் கேட்டால் கட்டுவிரியனைச் சொல்லுவோம். அந்தப் பகுதியில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் அதிகம். கட்டுவிரியன் இரவில் வந்து, தூங்குகிறவரைத் தெரியாமல் கடித்துவிடும். பலருக்கு வலியில்லை, வீக்கமில்லை. பல் பட்ட தடமும் சரியாய்த் தெரியாது. வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். பிறகு கண்ணிமை தானாகத் தாழும். தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைத்து, 'விடிந்தபின் பார்க்கலாம், படு' என்பார்கள். விடிவதற்குள் மூச்சு நின்றுவிடக்கூடும். பனியில் உட்கார்ந்தவனுக்கு வருகிற தூக்கத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் நடந்துபோகும் தூரத்தில் ஒரு கதவு திறந்திருந்து, விஷமுறிவு மருந்து குளிர்பெட்டியில் இருந்து, தாழ்ந்த கண்ணிமையைப் பார்த்தவுடனே சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் விழித்திருந்தால், மூச்சுக்கு உதவி செய்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்வரை உயிரைப் பிடித்துவைக்கலாம். பெரிய வண்டி வந்துசேரும்வரை இந்தச் சிறிய அறைதான்.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை இரவில் வருகிறார்கள் என்று கேட்டால், அபூர்வமாகத்தான். மற்ற இரவுகளில் அந்தச் சகோதரி பஞ்சு வெட்டுகிறார்கள், ரிஜிஸ்டர் எழுதுகிறார்கள், குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறிக்கிறார்கள். இரண்டு மணிக்குமேல் தூக்கம் வராதிருக்க முற்றத்தில் நடக்கிறார்கள். மலைவீட்டில் இளம் நாய்களுக்கு யாரும் தனியாய்ப் பாடம் நடத்தவில்லையாம். வயதான நாயோடு போய்ப் போய்க் கற்றுக்கொள்ளும் என்பார்கள். நம் நர்ஸிங் மாணவிகளும் மூத்த சகோதரியோடு அந்த முற்றத்தில் நடந்துதான், எந்த இருமல் பொறுக்கும், எது பொறுக்காது என்று கற்றுக்கொள்ளுகிறார்கள்.

கமிட்டிக்கு உங்கள் கருத்தை எழுத விரும்புகிறவர்கள் பிப்ரவரி முடிவதற்குள் மருத்துவமனை அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பலாம். எங்கள் எண்ணத்துக்கு மாறாக எழுதுகிறவர்களும் தாராளமாய் எழுதுங்கள். கிளை மருத்துவமனையை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இன்று மாலை ஐந்து மணிக்கு வேன் புறப்படுகிறது. திரும்பி வர இரவு எட்டு மணி ஆகும். இரவுப் பணிச் சகோதரி ஏழு மணிக்கு வேலைக்கு வருவார்கள். அவர்களிடமே நீங்கள் பேசலாம். வேனில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். வயதானவர்கள் முதலில் பெயர் கொடுங்கள்.